கண்ணனுக்கு ஏன் இரண்டு பிறந்தநாள்?

கும்பகோணத்தில் உங்கள் வீட்டில் ஆகஸ்டிலேயே கோகுலாஷ்டமி முடிந்துவிட்டது, எதிர்வீட்டு ஐயங்கார் மாமி ஒரு மாதம் கழித்து சீடை கொடுத்தார், யார் கணக்கு சரி என்று கேட்டிருக்கிறீர்கள். இரண்டும் சரிதான்.

கண்ணன் பிறந்தது தேய்பிறை அஷ்டமியும் ரோகிணியும் கூடிய நள்ளிரவு. இவை எல்லா வருஷமும் ஒன்றாக வந்து வாய்ப்பதில்லை. ஸ்மார்த்தர்கள், அதாவது ஐயர் வீட்டுக்காரர்கள், அஷ்டமித் திதியைப் பிடித்துக்கொள்வார்கள். வைணவர்களுக்கு ரோகிணி முக்கியம், அதுவும் ஆவணியில் வரவேண்டும். அவர்கள் இந்த நாளை ஸ்ரீஜயந்தி என்கிறார்கள். பாஞ்சராத்திரம், வைகானசம் என்று ஆகமம் (பெருமாள் கோயில் வழிபாட்டு முறை) மாறினால் அவர்களுக்குள்ளேயே ஒரு நாள் தள்ளிப்போவதும் உண்டு.

பெரும்பாலும் ஓரிரு நாள் வித்தியாசம்தான். 2025இல் ஆகஸ்ட் 16 அன்று அஷ்டமி வந்தது. ஆனால் அன்று ஆடி கடைசி நாள்! ஆவணி மறுநாள்தான் பிறந்தது. ஆகவே வைணவர்கள் செப்டம்பர் நடுப்பகுதி வரை காத்திருந்தார்கள்.

வாசலிலிருந்து பூஜையறை வரை மாக்கோலப் பாதம், வெண்ணெய், அவல் எல்லாம் இரு வீட்டுக்கும் பொது. என்னைக் கேட்டால், இரண்டு தடவை சீடை கிடைப்பதில் நஷ்டம் ஒன்றுமில்லை. மாவை மட்டும் நன்றாகச் சலித்து, அழுத்தாமல் உருட்டச் சொல்லுங்கள். உள்ளே ஈரம் அடைபட்டால் எண்ணெயில் வெடிக்கும்.