'அசல் பதிப்பு' என்று விற்கப்பட்ட 'ப்ளூ ட்ரெய்ன்'

கேள்வி: ஜாஸ் இசையில் அண்மையில்தான் எனக்கு ஆர்வம் ஏற்பட்டது. சாக்ஸபோன் கலைஞரும் இசையமைப்பாளருமான ஜான் கோல்ட்ரேனின் 'ப்ளூ ட்ரெய்ன்' இசைத்தட்டை இணையவழி விற்பனையாளர் ஒருவரிடம் வாங்கினேன். 'அசல் பதிப்பு, 180 கிராம் வினைல்' என்று விளம்பரத்தில் இருந்தது. வந்த தட்டிலோ இதை முதலில் வெளியிட்ட ப்ளூ நோட் நிறுவனத்தின் பெயரே இல்லை. ஐந்து உருப்படிகள் இருக்க வேண்டிய இடத்தில் ஏழு இருக்கின்றன. ஒலியும் மங்கலாகக் கேட்கிறது. திருப்பி எடுத்துக்கொள்ளும்படி கேட்டால், 'இதுவும் சட்டப்படியான பதிப்புதான்' என்கிறார். அவர் சொல்வது சரியா? வேறு பதிப்பு வாங்குவதானால் மோனோவை வாங்குவதா, ஸ்டீரியோவை வாங்குவதா?

பதில்: விற்பனையாளர் சொல்வதில் பாதி உண்மை இருக்கிறது. ஐரோப்பிய ஒன்றியத்தில் ஒலிப்பதிவுகளுக்கான காப்புரிமைக் காலம் முன்பு 50 ஆண்டுகளாக இருந்தது. 2013-இல் அதை 70 ஆண்டுகளாக நீட்டித்தபோது, 1963-க்கு முன் வெளியாகி ஏற்கெனவே உரிமை காலாவதியான பதிவுகளுக்கு அந்த நீட்டிப்பு பொருந்தவில்லை. 1957-இல் பதிவான 'ப்ளூ ட்ரெய்ன்' இவ்வாறு பொதுவுடைமையாகிவிட்டதால், யார் வேண்டுமானாலும் அங்கே அதை அச்சிட்டு விற்கலாம். இந்தியச் சட்டப்படி ஒலிப்பதிவுக்கு 60 ஆண்டுக் காப்புரிமை, அதுவும் முடிந்துவிட்டது. அமெரிக்காவில் மட்டும் இந்தப் பதிவு 2067 வரை பாதுகாக்கப்பட்டிருக்கிறது. ஆகவே உங்களிடம் இருப்பது திருட்டுப் பதிப்பு என்று சொல்லிவிட முடியாது.

ஆனால் சட்டப்படி விற்கத்தக்கது என்பதாலேயே ஒரு தட்டு 'அசல்' ஆகிவிடாது. மூல ஒலிநாடா ப்ளூ நோட் நிறுவனத்தின் கையில்தான் இருக்கிறது. அதை அணுக முடியாத பதிப்பாளர்கள் பெரும்பாலும் ஏற்கெனவே வெளிவந்த சி.டி.யிலிருந்தோ வேறு டிஜிட்டல் பிரதியிலிருந்தோதான் தட்டை வெட்டுகிறார்கள். போதாக்குறைக்கு, வாங்குபவரைக் கவர்வதற்காகக் கூடுதல் உருப்படிகளையும் சேர்த்துவிடுகிறார்கள். மூலப் பதிப்பில் ஒரு பக்கத்துக்கு இருபது முதல் இருபத்திரண்டு நிமிட இசைதான் உண்டு. அதற்கு மேல் திணித்தால் பள்ளங்களை நெருக்கமாக வெட்ட வேண்டியிருப்பதால் ஒலியளவைக் குறைத்தே ஆக வேண்டும். நீங்கள் குறிப்பிடும் மங்கலுக்கு இவை இரண்டுமே காரணமாக இருக்கலாம். 180 கிராம் என்பது பிளாஸ்டிக்கின் எடை மட்டுமே. ஒலி எங்கிருந்து எடுக்கப்பட்டது என்பதைப் பற்றி அது எதையும் சொல்வதில்லை.

எனவே உங்கள் புகார், 'அசல் பதிப்பு' என்ற பொய்யான வருணனையின் மீது இருக்கட்டும். காப்புரிமை வாதத்துக்குள் இழுக்கப்படாதீர்கள். விளம்பரப் பக்கத்தின் திரைப்பிடிப்பு, ரசீது, தட்டு லேபிளின் ஒளிப்படம் ஆகிய மூன்றையும் இணைத்து எழுத்து மூலம் பணத்தைத் திருப்பிக் கேளுங்கள். மறுத்தால் தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915-இல் பதிவு செய்யலாம். பொருளின் தரத்தையோ வகையையோ தவறாகக் காட்டி விற்பது 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி நேர்மையற்ற வணிக முறையாகும்.

இனி மோனோ, ஸ்டீரியோ கேள்விக்கு வருவோம். மோனோவில் ஒலி முழுவதும் ஒரே தடத்தில் வரும். ஸ்டீரியோவில் அது இடம், வலம் என இரண்டு தடங்களாகப் பிரிந்து வரும். மோனோ என்றால் பழைய, தரம் குறைந்த வடிவம் என்ற எண்ணம் இந்தத் தட்டின் விஷயத்தில் தவறானது. 1957 செப்டம்பர் 15 அன்று, நியூ ஜெர்சியின் ஹாக்கன்சாக்கில், ஒலிப்பொறியாளர் ரூடி வான் கெல்டர் தம் பெற்றோர் வீட்டு முன்கூடத்தில் அமைத்திருந்த ஒலிக்கூடத்தில் இது பதிவானது. அந்தக் காலகட்டத்தில் அவர் மோனோவுக்கு ஒன்று, ஸ்டீரியோவுக்கு ஒன்று என இரண்டு பதிவுக் கருவிகளை ஒரே நேரத்தில் ஓடவிட்டார். வாத்தியங்களின் அளவைச் சரிபார்த்துக் கேட்டதெல்லாம் மோனோவில்தான். பிற்பாடு வெளிவந்த பல ப்ளூ நோட் தட்டுகளில் ஸ்டீரியோ நாடாவின் இரண்டு தடங்களையும் ஒன்றாக்கி மோனோ தயாரித்தார்கள். 'ப்ளூ ட்ரெய்ன்' அப்படிப்பட்டதன்று, அதற்குத் தனி மோனோ நாடாவே உண்டு.

கோல்ட்ரேனுடன் டிரம்பெட்டில் பத்தொன்பது வயது லீ மார்கன், டிராம்போனில் கர்டிஸ் ஃபுல்லர் என்று மூன்று ஊதுகருவிகள் சேர்ந்து தலைப்பு உருப்படியின் மெட்டைத் தொடங்குகின்றன. மோனோவில் அம்மூன்றும் ஒரே கட்டாக, அடர்த்தியாக முன்வந்து நிற்கும். ஸ்டீரியோவில் அவை பிரிந்து நிற்பதால், தனித்தனியாகப் பின்தொடர விரும்புவோருக்கு அது வசதி. என்னைக் கேட்டால், ஒன்றே ஒன்று வாங்குவதானால் மோனோதான். அதைக் கேட்க உங்கள் இசைத்தட்டுக் கருவியிலுள்ள ஸ்டீரியோ ஊசியே போதும். தனி ஊசி வாங்கத் தேவையில்லை.

2022-இல் ப்ளூ நோட் தன் 'டோன் போயட்' வரிசையில் இரண்டு பதிப்புகளை வெளியிட்டது. ஒன்று, மூல மோனோ நாடாவிலிருந்து ஒலிப்பொறியாளர் கெவின் கிரே வெட்டிய ஒற்றைத் தட்டு. மற்றொன்று, அதே உருப்படிகளை வேறு முறை வாசித்த ஏழு மாற்றுப் பதிவுகளைச் சேர்த்த இரட்டைத் தட்டு ஸ்டீரியோ தொகுப்பு. நாம் அறிந்த 'ப்ளூ ட்ரெய்ன்' தலைப்பு உருப்படியில் வரும் கென்னி ட்ரூவின் பியானோ தனி ஆவர்த்தனம், அதே உருப்படியின் வேறொரு மாற்றுப் பதிவிலிருந்து வெட்டி ஒட்டப்பட்டது. இத்தகைய செய்திகளில் ஈடுபாடு உள்ளவருக்கு இரட்டைத் தொகுப்பு விருந்தாகும். புதிதாகக் கேட்கத் தொடங்கியவர் அதற்காகக் கூடுதல் பணம் செலவழிக்க வேண்டாம்.

உண்மையான முதல் அச்சு வேண்டுமென்று பிற்காலத்தில் ஆசை வந்தால், உறையைப் பார்த்து ஏமாறாதீர்கள். ஃபிரான்சிஸ் வுல்ஃப் எடுத்த, சிந்தனையில் ஆழ்ந்த கோல்ட்ரேனின் அந்த நீல நிறப் படத்தை மற்றப் பதிப்பாளர்களும் அச்சிடக்கூடும். தட்டின் எண் 1577. லேபிளில் '47 வெஸ்ட் 63' என்ற நியூயார்க் முகவரி இருக்க வேண்டும். பிறகு தட்டை விளக்கொளியில் சாய்த்து, கடைசிப் பள்ளத்துக்கும் லேபிளுக்கும் இடையிலுள்ள வெற்று வளையத்தைப் பாருங்கள். வான் கெல்டரின் ஆர்.வி.ஜி. என்ற முதலெழுத்துகளும், காதுமடல் போல வளைந்த சிறு குறி ஒன்றும் அங்கே காணப்படும். அக்குறி, தட்டை அச்சிட்ட பிளாஸ்டிலைட் தொழிற்சாலையின் பெயரிலுள்ள முதல் ஆங்கில எழுத்து. 1966-இல் ப்ளூ நோட் லிபர்ட்டி நிறுவனத்தின் கைக்கு மாறிய பின் வந்த அச்சுகளில் அது கிடையாது. அந்த வளையத்தின் தெளிவான படத்தை அனுப்பத் தயங்கும் விற்பனையாளரிடம், விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் முன்பணம் செலுத்த வேண்டாம்.