கதவருகே நிற்கும் மனைவி

வாசகர் கேள்வி: என்னிடம் 1991-ஆம் வருட மாஸ்டா எம்எக்ஸ்-5 ஒன்று இருக்கிறது. பதினோரு வருடம் வெளியே கவர் போட்டபடி கிடந்தது. இரண்டு வருடத்துக்கு முன் ஷெட்டுக்குள் கொண்டுவந்து, ஞாயிறுதோறும் நானே வேலை பார்க்கிறேன். இன்ஜின் இன்னும் ஓடவில்லை. காரை ஜாக்கியில் தூக்கி ஹாலோ பிளாக் மேல் நிறுத்தியிருப்பதால் அடியில் படுத்து வேலை செய்ய வசதியாக இருக்கிறது. என் 13 வயது மகளுக்கும் இதில் ஆர்வம். செல்ஃப் மோட்டாரின் மேல் போல்ட்டு என் கைக்கு எட்டவில்லை. அவள் கை சின்னது என்பதால் அவள்தான் அடியில் புகுந்து கழற்றிக் கொடுத்தாள். ஒருமுறை காரைக் கழுவியதில் டிரைவர் பக்கம் கார்ப்பெட் நனைந்தது, அந்த ஈர வாடை போகவே இல்லை. என் வருத்தம் மனைவியைப் பற்றியது. ஷெட் பக்கமே வராதவள், மகள் காருக்கு அடியில் போனால் மட்டும் வந்து கதவருகே நின்றுகொள்கிறாள். ஒரு வார்த்தை பேசமாட்டாள். மகள் வெளியே வந்ததும் போய்விடுவாள். என் ஆசையை அவளுக்கு எப்படிப் புரியவைப்பது? முதலில் பெயின்ட் அடித்துக் காட்டினால் மனம் மாறுமா?

பதில்: உங்கள் மனைவிக்கு எதையும் புரியவைக்க வேண்டியதில்லை. அவர் ஹாலோ பிளாக்கைப் பார்த்திருக்கிறார். கார் இறங்கினால் ஓடிவந்து தூக்க, சத்தம் போட, ஒரு ஆளாவது பக்கத்தில் இருக்க வேண்டும் என்று நிற்கிறார். நீங்கள் செய்திருக்க வேண்டிய காவலை அவர் வாய் திறக்காமல் செய்துகொண்டிருக்கிறார். அதைத்தான் உங்கள் வருத்தம் என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த வரியைத் திரும்பப் படித்துப் பாருங்கள்.

ஹாலோ பிளாக் சுவர் கட்டுவதற்கானது. சுவரில் அதன்மேல் வரும் பாரம் முழுப்பரப்பிலும் சமமாக இறங்கும். காரின் அடித்தகடோ விரல் அகலம்கூட இல்லாத ஒரு விளிம்பில் மொத்தப் பாரத்தையும் வைக்கிறது. இரும்பு தாங்க முடியாமல் போனால் வளையும், வளையும்போது கண்ணுக்குத் தெரியும், ஓடிவிடலாம். சிமென்ட் வளையாது. இன்றுவரை தாங்கியது நாளைக்கும் தாங்கும் என்பதற்கு அதில் ஒரு உத்தரவாதமும் கிடையாது. மயிரிழை விரிசல் ஒன்று உள்ளே ஓடியிருந்தால் ஒரே நொடியில் தூளாகிவிடும். உங்கள் கார் சின்னதுதான், ஒரு டன்னுக்குச் சற்றுக் குறைவு. பிள்ளையின் நெஞ்சின்மேல் இறங்கினால் அந்தக் குறைவால் என்ன பயன்?

அதுவும் எந்த வேலைக்கு? முப்பது வருடம் இறுகிக்கிடந்த போல்ட்டைத் தளர்த்துகிற வேலைக்கு. போல்ட்டு 'படக்' என்று விடும்போது கார் முழுக்க ஒருமுறை பக்கவாட்டில் உதறும். பிளாக்கின் பலமெல்லாம் மேலிருந்து நேராக இறங்கும் பாரத்துக்குத்தான். பக்கவாட்டு இழுப்பு அதற்கு ஆகவே ஆகாது. ஷெட்டில் செய்கிற வேலைகளிலேயே காரை அதிகம் ஆட்டுகிற வேலையை, இருக்கிற தாங்குகளிலேயே மோசமான தாங்கின்மேல், வீட்டிலேயே இளைய ஆளை அடியில் படுக்கவைத்துச் செய்திருக்கிறீர்கள்.

கை சின்னது என்கிற காரணமும் செல்லாது. அந்த மேல் போல்ட்டு, இன்ஜினுக்குக் காற்றைக் கொண்டுபோகும் இன்டேக் மேனிஃபோல்டுக்கு அடியில் ஒளிந்திருப்பது உண்மை. இந்தக் காரைத் தொட்ட எல்லோரும் அதைத் திட்டியிருப்பார்கள். அதற்குச் சின்னக் கை வேண்டாம், நீளமான எக்ஸ்டென்ஷன் வேண்டும். 14 மிமீ சாக்கெட்டில் ஒரு யுனிவர்சல் ஜாயின்ட்டை மாட்டி, இரண்டு மூன்று எக்ஸ்டென்ஷனைச் சேர்த்து ஏறத்தாழ 60 செமீ நீளமாக்கி, கியர்பாக்ஸ் ஓரமாகப் பின்னாலிருந்து விட்டால் போல்ட்டுத் தலையில் உட்காரும். முந்தின நாளே துரு இளக்கும் எண்ணெய் விட்டிருந்தால் ராட்செட்டை இரண்டு கையாலும் பிடித்து நீங்களே திருகியிருக்கலாம். கருவி இல்லாத குறையைப் பிள்ளையை வைத்து நிரப்பக் கூடாது. மோட்டாரைத் திரும்ப மாட்டும்போதாவது இப்படிச் செய்யுங்கள்.

அடுத்து, போகிற போக்கில் எழுதிவிட்டுப் போன அந்த ஈரக் கார்ப்பெட். காயவைக்க வேண்டிய சமாசாரமாக அதை நினைக்கிறீர்கள். பிளாக் உட்கார்ந்திருக்கும் இடமும் அந்த ஈரமும் ஒன்றுக்கொன்று பக்கத்துவீடு.

துணிக்கூரையில் விழும் தண்ணீர் பின்னால் ஒரு ரப்பர் வாய்க்காலில் சேர்ந்து, பக்கத்துக்கு ஒன்றாக, சீட் பெல்ட் ரீல் இருக்கும் கோபுரத்துக்குப் பின்னால் உள்ள வடிகால் துளை வழியாக இறங்கி, பின்சக்கரத்துக்கு முன்னே காருக்கு அடியில் வெளியேற வேண்டும். பதினோரு வருடம் வெளியே கிடந்த காரில் இலையும் மண்ணும் மக்கி அந்தத் துளையை அடைத்திருக்கும். போக வழியில்லாத தண்ணீர் உள்ளே வழிந்து கார்ப்பெட்டை நனைக்கும். கதவுக்கு அடியில் ஓடும் பெட்டித் தகடு, சில் என்கிறோமே, அதற்குள்ளும் இறங்கித் தேங்கும். சில் உள்ளிருந்து வெளியே அரிக்கும். வெளியே பெயின்ட் கொப்புளம் தெரியும்போது உள்ளே பாதித் தகடு போயிருக்கும்.

காரைத் தாங்கும் விளிம்பு இருப்பது இந்தச் சில்லின் அடியில்தான். அரித்த தகடு, அதன்கீழ் சிமென்ட், அதன்கீழ் உங்கள் மகள்.

ஆகவே இந்த வாரம் செய்ய வேண்டியது ஒன்றே. காரைத் தரையில் இறக்குங்கள். பிளாக்கை ஷெட்டிலிருந்தே வெளியேற்றுங்கள். நான்கு ஜாக்கி ஸ்டாண்ட் வாங்குங்கள். 2 டன் அளவு இந்தக் காருக்குத் தாராளம், குறுக்கே இரும்பு ஊசி (பின்) செருகிப் பூட்டும் வகை நல்லது. சமதளமான கான்கிரீட் தரை, தரையில் இருக்கும் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் முட்டுக்கட்டை. ஹேண்ட் பிரேக் பின்சக்கரத்தை மட்டும்தான் பிடிக்கும்; பின்பக்கத்தைத் தூக்கிய நொடியே அதற்கு வேலை இல்லை, முட்டுக்கட்டையை மட்டுமே நம்ப வேண்டும். முன்பக்கத்தை சப்ஃபிரேமின் (சக்கரங்களின் சஸ்பென்ஷனைத் தாங்கும் இரும்புச் சட்டம்) நடுவிலும், பின்பக்கத்தை டிஃபரன்ஷியலுக்கு அடியிலும் டிராலி ஜாக்கி வைத்துத் தூக்குங்கள். ஸ்டாண்டு வழக்கமாகச் சில்லில் ஜாக்கி வைக்கக் குறித்திருக்கும் இடத்தில்தான் உட்காரும். உங்கள் சில்லைத் தட்டிப் பார்க்காமல் அதை நம்பக் கூடாது. அதுவரை சப்ஃபிரேமின் தடித்த பகுதியில் வையுங்கள். கழற்றிய சக்கரத்தைச் சில்லுக்கு அடியில் படுக்கப்போடுங்கள். ஜாக்கியை எடுத்துவிடாமல் லேசாகத் தொட்டபடி விட்டுவையுங்கள். அடியில் போகுமுன் இடுப்பால் நாலு பக்கமும் காரை நன்றாக முட்டித் தள்ளிப் பாருங்கள். விழுவதானால் அப்போதே விழட்டும்.

சில்லைச் சோதிப்பது சுலபம். ஸ்க்ரூ டிரைவரின் கைப்பிடியால் முன்னிருந்து பின்னாகத் தட்டிக்கொண்டே வாருங்கள். நல்ல தகடு 'டண்' என்று பேசும், அரித்தது 'பொத்' என்று அமுங்கும். பின்சக்கரத்தை ஒட்டிய கடைசி ஒரு முழத்தில் அதிக நேரம் செலவழியுங்கள். சத்தம் மாறும் இடத்தில் முனையால் அழுத்துங்கள். உள்ளே போனால் போகட்டும், தெரிந்துகொள்வது நல்லது. வடிகாலில் பழைய ஸ்பீடோமீட்டர் கேபிள் போல வளையும் ஒன்றைப் பதமாக விட்டுச் சுத்தம் செய்து, அரை லிட்டர் தண்ணீரை மெல்ல ஊற்றுங்கள். உடனே காருக்கு அடியில் கொட்ட வேண்டும். கொட்டாதவரை கார்ப்பெட்டைத் திரும்பப் போடாதீர்கள்.

ஓட்டை இருந்தால் பட்டி பார்த்து மூட நினைக்காதீர்கள். கூரை இல்லாத காரில் முன்பாதியையும் பின்பாதியையும் சேர்த்துப் பிடித்திருப்பது பெரும்பாலும் இரண்டு சில்லும் தரையும் நடுவில் மேடாக ஓடும் டனலும்தான். அதனால் வெட்டுவதற்கு முன் கார் தன் சக்கரங்களிலேயே சமமாக நிற்கட்டும். கதவு இடைவெளியை மேலே, நடுவே, கீழே என மூன்று இடத்தில் அளந்து எழுதிவைத்து, கீல் தூணிலிருந்து பூட்டுத் தூணுக்கு இரும்புக் குழாய் ஒன்றைக் குறுக்கே வெல்ட் செய்து, ஒரு பக்கத்தை முடித்த பிறகே மறுபக்கத்தைத் தொட வேண்டும். இல்லையென்றால் கார் நடுவில் தொய்ந்து கதவு மூடாது. வெல்டிங் கைவராதவர் பழகிக்கொள்ளும் இடம் சில் கிடையாது, தெரிந்தவரிடம் கொடுங்கள். அங்கே பிரேக் கிளீனரால் துடைத்த ஈரத்தோடு வெல்ட் செய்யவே கூடாது: குளோரின் கலந்த வகையாக இருந்தால் சூட்டில் பாஸ்ஜீன் என்கிற நச்சு வாயு வரும். வெல்டிங் முடிந்ததும் சில்லுக்குள் மெழுகு பீய்ச்ச மறக்க வேண்டாம்.

இன்ஜினுக்கு வருகிறேன். டேங்க்கில் இருக்கும் பழைய பெட்ரோல் இந்நேரம் பிசினாகியிருக்கும். காரைத் திறந்த வெளிக்குத் தள்ளிக்கொண்டு போய் வடியுங்கள். பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனம், ஷெட் தரையில் தேங்கி ஒரு சூடான பல்புக்காகக் காத்திருக்கும். பெட்ரோல் ஃபில்டரைப் புதிதாகப் போடுங்கள். பிளக்குகளைக் கழற்றி ஒவ்வொரு சிலிண்டரிலும் 5 மிலி இன்ஜின் ஆயில் விட்டு ஒரு நாள் ஊறவிடுங்கள். நியூட்ரலில் வைத்து, கிராங்க் போல்ட்டில் 21 மிமீ சாக்கெட் மாட்டிக் கடிகாரச் சுற்றில் கையால் இரண்டு முழுச்சுற்று. எங்காவது முட்டினால் பலம் காட்டாதீர்கள், மறுபடி ஊறட்டும். டைமிங் பெல்ட் எத்தனை கிலோமீட்டர் ஓடியது என்று பார்க்க வேண்டாம், வயதாகிவிட்டது, மாற்றுங்கள். உங்கள் 1.6 லிட்டர் இன்ஜினில் பெல்ட் அறுந்தாலும் வால்வு பிஸ்டனில் இடிக்காது. அந்த நல்ல குணத்தை நம்பி ரப்பரை மட்டும் விட்டுவைக்காதீர்கள். பேட்டரி டிக்கியில் இருக்கிறது. சாதாரண ஆசிட் பேட்டரியை வைத்தால் ஆவி டிக்கித் தகட்டை அரிக்கும், சீல் செய்த ஏஜிஎம் வகையும் வெளியேற்றுக் குழாயும் வேண்டும். முதல்முறை கிராங்க் செய்யும்போது சிலிண்டர் ஹெட்டின் பின்புறம் இருக்கும் கேம் ஆங்கிள் சென்சாரின் கனெக்டரைக் கழற்றிவிட்டால் பொறியும் வராது, பெட்ரோலும் பீய்ச்சாது. ஆயில் பிரஷர் முள் எழும்பிய பிறகே மாட்டுங்கள். ஷெட் கதவு முழுசாகத் திறந்திருக்க வேண்டும். கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, வாடையும் இல்லை, வீட்டுக்குள் போக அதற்கு வழி தெரியும்.

ஓடுவதற்கு முன் நிற்க வேண்டும். பிரேக் ஆயில் இத்தனை வருடமாக ஈரத்தைக் குடித்திருக்கிறது. பிரேக் கட்டையை அழுத்தும் காலிப்பர் நான்கையும் பிரித்துப் புதிய சீல், நான்கு ரப்பர் ஹோஸும் புதிது. பிரேக் குழாயிலிருந்து காற்று எடுக்கும்போது பெடலைத் தரைவரை மிதிக்காதீர்கள். மாஸ்டர் சிலிண்டரில் இதுவரை பிஸ்டன் போகாத துருப்பிடித்த பகுதிக்குச் சீல் போய் கிழிந்துவிடும். டயரில் பட்டன் இருந்தாலும் பக்கவாட்டில் உள்ள நாலு இலக்கத்தைப் படியுங்கள்: 1309 என்றால் 2009-இன் 13-வது வாரம். பத்து வயது தாண்டியது குப்பைக்கு.

மகளை ஷெட்டைவிட்டு அனுப்பச் சொல்லவில்லை. அப்பாவோடு ஸ்பேனர் பிடிக்க விரும்பும் பிள்ளை வீட்டுக்குக் கிடைத்த பாக்கியம். அவளுக்கு மேசை வேலை கொடுங்கள். செல்ஃப் மோட்டாரைப் பிரித்து சொலினாய்டின் செம்புத் தொடர்புகள் தேய்ந்திருக்கின்றனவா என்று பார்க்கட்டும், காலிப்பர் பிஸ்டனைத் துடைக்கட்டும், போல்ட்டுகளைப் பையில் போட்டு எது எங்கிருந்து வந்தது என்று எழுதட்டும். கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு. ஸ்டாண்ட் வைத்த பிறகும் அவள் தலை காருக்கு அடியில் போகக் கூடாது. அந்த இடம் அப்பாவுடையது.

பெயின்ட் கடைசி. சில் முடியாமல் அடிக்கிற பெயின்ட் அடுத்த மழைக்குக் கொப்புளிக்கும்.

ஸ்டாண்ட் வாங்கிய அன்று காரை ஏற்றி நிறுத்திவிட்டு, மனைவியை ஷெட்டுக்குள் கூப்பிடுங்கள். எங்கே என்ன தாங்குகிறது என்று காட்டுங்கள். பிறகு அவரையே காரைத் தள்ளிப் பார்க்கச் சொல்லுங்கள், எவ்வளவு பலமாகத் தள்ள முடியுமோ அவ்வளவு பலமாக.