கருப்பையின் நடுவில் சுவர்: சத்திரசிகிச்சை அவசியமா?

கேள்வி: எனக்கு வயது 29. முதற்கரு 10ஆவது வாரத்திலும், அடுத்தது 14ஆவது வாரத்திலும் கலைந்துவிட்டன. அண்மையில் எடுத்த ஸ்கானில் கருப்பை இரண்டாகப் பிரிந்திருப்பதாகவும், சத்திரசிகிச்சை செய்யலாம் என்றும் கூறினார்கள். நான் பஸ்ஸில் வேலைக்குப் போய்வந்ததே காரணம் என்கிறார் மாமி. என்ன செய்வது?
வாசகி, வெள்ளவத்தை

பதில்: பஸ் பயணத்தால் கரு கலைவதில்லை, இதை உங்கள் மாமியிடம் தயங்காமல் சொல்லுங்கள். பெண் சிசு தாயின் வயிற்றில் வளரும்போது இரு குழாய்கள் ஒன்றாக இணைந்து, அவற்றுக்கு இடையிலுள்ள சுவர் கரைந்த பின்னரே கருப்பை ஒரே அறையாகிறது. ஆகவே உங்கள் கருப்பையின் அமைப்பு நீங்கள் பிறக்கும் முன்பே தீர்மானிக்கப்பட்டுவிட்டது.

குழாய்கள் முழுமையாக இணையாவிட்டால் அது இருகொம்புக் கருப்பை. இணைந்த பின்னும் சுவர் கரையாமல் நின்றால் அது நடுச்சுவருள்ள கருப்பை. உங்களுக்கு இருப்பது எது என்பதை உறுதிசெய்யாமல் சத்திரசிகிச்சைக்குச் சம்மதிக்க வேண்டாம். மருந்து செலுத்தி எடுக்கும் எக்ஸ்ரே உள்ளறையை மட்டுமே காட்டும். கருப்பையின் மேல்விளிம்பு குழிந்திருக்கிறதா என்பதை முப்பரிமாண ஸ்கானிலோ எம்.ஆர்.ஐ. படத்திலோதான் காண முடியும். விளிம்பு ஆழமாகக் குழிந்திருந்தால் அது இருகொம்பு வகை; அதற்குப் பொதுவாகச் சத்திரசிகிச்சை தேவைப்படுவதில்லை.

நடுச்சுவர்தான் என்றால், வயிற்றைக் கீறாமல் கருப்பை வாய்வழியாகக் கருவியைச் செலுத்தி அதை வெட்டிவிடலாம். பல காலமாக இதைச் செய்துவருகிறார்கள். ஆயினும் 80 பெண்களைக் கொண்டு நடத்தப்பட்டு 2021இல் வெளியான ‘ட்ரஸ்ட்’ ஆய்வில், சுவரை வெட்டிய குழுவில் 31 சதவீதத்தினரும் வெட்டாத குழுவில் 35 சதவீதத்தினரும் உயிருள்ள குழந்தையைப் பெற்றார்கள். சிறிய ஆய்வாகையால் இதுவே முடிந்த முடிவன்று. ஆனால் அவசரப்படத் தேவையில்லை என்பதற்கு இது போதுமான காரணம் என்பது என் கருத்து. உங்கள் நிபுணரிடம் இதைக் குறிப்பிட்டே கேளுங்கள்.

ஸ்கானில் ஒன்று தெரிந்துவிட்டது என்பதற்காக மற்றக் காரணங்களைத் தேடாமல் விடக்கூடாது. இரத்தத்தை உறையவைக்கும் அன்டிபொஸ்போலிப்பிட் எதிர்ப்பொருள்கள் இருக்கின்றனவா என்று, 12 வார இடைவெளியில் இருமுறை சோதிக்க வேண்டும். இருப்பது உறுதியானால், கர்ப்பகாலத்தில் அஸ்பிரினும், இரத்தம் உறைவதைத் தடுக்கும் ஹெப்பரின் ஊசியும் பயன்தரும். தைரொயிட், சீனி பரிசோதனைகளும் அவசியம். கருப்பை அமைப்பு மாறுபட்டவர்களில் சிலருக்குச் சிறுநீரகம் ஒன்றே இருக்கக்கூடும் என்பதால், அதையும் ஸ்கானில் பார்க்கச் சொல்லுங்கள்.

மீண்டும் கருவுற்றதும் தாமதிக்காமல் கிளினிக்கில் பதிந்து, கருப்பையின் அமைப்பைச் சொல்லிவிடுங்கள். குறைமாதப் பிரசவத்துக்கும் குழந்தை கால்பக்கம் திரும்பியிருப்பதற்கும் வாய்ப்பு சற்று அதிகம் என்பதால், கருப்பை வாயின் நீளத்தை அவர்கள் ஸ்கானில் அளந்து கவனிப்பார்கள்.