பல்லுக்கு இலவசம் என்று கையெழுத்து வைத்தபின் வரும் பெனால்டி கடிதம்: கேள்வி பதில்

இங்கிலாந்தில் என்.எச்.எஸ். (அரசாங்க சுகாதார சேவை) பல் வைத்தியரிடம் "எனக்கு இலவசம்" என்று கையெழுத்து வைத்துவிட்டு, பிறகு பெனால்டி கடிதத்தைக் கையில் பிடித்துக்கொண்டு தவிக்கும் நம் ஆட்கள் குறையவே இல்லை. பல் கிளினிக் வரவேற்பு மேசையில் ஒன்பது வருடம் இருந்தவள் நான். இப்போது சனிக்கிழமைகளில் படிவம் நிரப்பிக் கொடுக்கிறேன். போன கிழமை கேள்விகளை அனுப்பச் சொல்லியிருந்தேன். வந்தவற்றுக்கு இங்கே பதில் எழுதுகிறேன். எல்லாமே இங்கிலாந்து விதிகள். ஸ்கொட்லாந்தில் கதை வேறு. அங்கே 26 வயதுக்குக் கீழே இருந்தாலே இலவசம்.

அக்கா, ஒரு பல்லுத்தான் அடைத்தேன். இப்போது 175 பவுண்ட் 30 பென்ஸ் கட்டு என்று கடிதம் வந்திருக்கிறது. நான் யூனிவர்சல் கிரெடிட் என்ற அரசாங்க உதவித்தொகை எடுக்கிறேன், ஒரு பிள்ளை இருக்கிறது. பிறகு ஏன்? (ஈஸ்ட் ஹாம்)

முதலில் கணக்கைச் சொல்கிறேன் தங்கச்சி. 2025 ஏப்ரலில் வந்த கட்டணப்படி பரிசோதனைக்கு 27.40, அடைப்பதற்கும் பிடுங்குவதற்கும் வேர்ச் சிகிச்சைக்கும் 75.30, கிரவுன், பல் செட் போன்றவற்றுக்கு 326.70 பவுண்ட். பெனால்டி என்பது கட்டாமல் விட்ட தொகையின் ஐந்து மடங்கு, ஆனால் 100 பவுண்டுக்கு மேல் போகாது. பல் விஷயத்தில் மிகக் குறைந்த 27.40-ஐ ஐந்தால் பெருக்கினாலே 100-ஐத் தாண்டிவிடும். அதனால் யாருக்கு வந்தாலும் பெனால்டி முழு 100-தான். உங்கள் 75.30-ஐயும் சேர்த்தால் 175.30. 28 நாளுக்குள் கட்டாவிட்டால் இன்னும் 50 ஏறும்.

சரி, ஏன் வந்தது? யூனிவர்சல் கிரெடிட் எடுத்தாலே பல்லுக்கு இலவசம் என்று எல்லோரும் நம்புகிறார்கள். கிளினிக்கில் நானே ஆரம்பத்தில் அப்படித்தான் நினைத்திருந்தேன். சம்பளத்துக்கு ஒரு வரம்பு உண்டு. கடைசியாக முடிந்த மதிப்பீட்டு மாதத்தில் (யூனிவர்சல் கிரெடிட்டைக் கணக்கிடும் மாதம்) கைக்கு வந்த சம்பளம் 435 பவுண்டுக்குள் இருக்க வேண்டும். பிள்ளைக்கான தொகை சேர்ந்திருந்தாலோ, உடல்நிலையால் வேலை செய்ய முடியாது என்ற பிரிவு இருந்தாலோ 935 வரை போகலாம். கணவன் மனைவி சேர்ந்து எடுத்தால் இரண்டு பேர் சம்பளத்தையும் கூட்டித்தான் பார்ப்பார்கள்.

கடிதத்தில் சிகிச்சைத் தேதி இருக்கும். அதற்கு முன் முடிந்த மதிப்பீட்டு மாதத்தின் ஸ்டேட்மென்ட்டை உங்கள் ஒன்லைன் கணக்கில் திறந்து பாருங்கள். 935-க்குக் கீழே என்றால் அதை அனுப்புங்கள், பெனால்டி நீங்கும். ஓவர்டைம் செய்த மாதமாகி 1,000 வந்திருந்தால் அந்த மாதம் உங்களுக்கு இலவசம் இல்லை. அடுத்த மாதமே மறுபடி கிடைக்கலாம். இப்படி மாதத்துக்கு மாதம் மாறும் ஒன்றை வரவேற்பு மேசையில் நின்று ஒரு தாய் எப்படிச் சரியாகச் சொல்லுவாள் என்று எனக்கு இன்றும் கோபம் வரும்.

எனக்கு இன்கம் சப்போர்ட் என்ற அரசாங்க உதவித்தொகை உண்மையாகவே இருந்தது. ஆனாலும் "உங்கள் உரிமையை உறுதிசெய்ய முடியவில்லை" என்று எழுதியிருக்கிறார்கள். (ஹரோ)

இதைக் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நம் ஆட்களுக்கு அதிகம் நடப்பது இதுதான். சரிபார்ப்பது என்.எச்.எஸ். பிசினஸ் சர்வீசஸ் அத்தாரிட்டி. உங்கள் பெயர், பிறந்த தேதி, விலாசம் மூன்றையும் அரசாங்கப் பெனிஃபிட் பதிவோடு ஒப்பிட்டுப் பார்க்கிறார்கள். பொருந்தாவிட்டால் "கிடைக்கவில்லை" என்றுதான் வரும்.

இனி நம் பெயர்களை நினைத்துப் பாருங்கள். பாஸ்போர்ட்டில் அப்பாவின் பெயர் குடும்பப் பெயர் இடத்தில் இருக்கும். கிளினிக்கில் கேட்டால் நாம் சொந்தப் பெயரைச் சொல்லுவோம். இனிஷியலை ஒருவர் சேர்ப்பார், ஒருவர் விடுவார். கலியாணத்துக்குப் பிறகு பெனிஃபிட் பதிவில் கணவர் பெயர், கிளினிக்கில் பழைய பெயர். ஒரு ஐயா என்னிடம் கடிதத்தைக் கொண்டுவந்தார். அதில் முதற்பெயர் இருக்க வேண்டிய இடத்தில் அவருடைய தகப்பனார் பெயர் இருந்தது. எழுபதைத் தாண்டிய மனிதர், அந்தத் தாளை நீட்டி, "அப்பா செத்து முப்பது வருடம் பிள்ளை, அவருக்கு ஏன் கடிதம் போடுகிறார்கள்?" என்று கேட்டார். அவருடைய பெனிஃபிட் கடிதத்தின் பிரதியை வைத்து, இரண்டு பெயரும் ஒரே ஆள் என்று நான்கு வரி எழுதி அனுப்பினோம். பெனால்டி ரத்தாயிற்று.

இப்படி நடப்பது உங்களுக்கு மட்டும் என்று நினைக்க வேண்டாம். பிரிட்டனின் தேசியக் கணக்காய்வு அலுவலகம் 2019-இல் இதை ஆராய்ந்தது. 2014-இலிருந்து மருந்துக்கும் பல்லுக்குமாக அனுப்பிய பெனால்டி கடிதங்கள் 56 லட்சம். அதில் 17 லட்சம் பிறகு திரும்பப் பெறப்பட்டன, அந்த ஆட்களுக்கு உண்மையிலேயே உரிமை இருந்ததால். பத்தில் மூன்று! பயந்து உடனே கட்டிவிடாதீர்கள். அத்தாட்சியை அனுப்புங்கள். அப்புறம் கிளினிக்கில் உங்கள் பெயரைப் பெனிஃபிட் கடிதத்தில் இருக்கிறபடியே எழுத்துக்கு எழுத்து மாற்றச் சொல்லுங்கள்.

அப்பாவுக்கு 67 வயது. மருந்து இலவசம். அதை நம்பிப் பல் செட்டுக்கும் இலவசம் என்று கையெழுத்து வைத்துவிட்டார். 426.70 கேட்கிறார்கள். அவருக்கு ஆங்கிலம் தெரியாது. (டூட்டிங்)

60 வயதானால் மருந்தும் கண் பரிசோதனையும் இலவசம். பல் இலவசமில்லை. ஸ்டேட் பென்ஷன் மட்டும் எடுப்பவரும் பல்லுக்குக் காசு கட்ட வேண்டும். வருமானம் குறைந்த முதியவர்களுக்கான பென்ஷன் கிரெடிட்டில் கேரண்டி கிரெடிட் (Guarantee Credit) என்ற பகுதி கிடைத்தால்தான் இலவசம். சேவிங்ஸ் கிரெடிட் மட்டும் என்றால் இல்லை. அப்பாவின் கடிதத்தில் எது இருக்கிறது என்று முதலில் பாருங்கள்.

எதுவும் இல்லை என்றால் 326.70-ஐக் கட்டித்தான் ஆக வேண்டும். ஆனால் அந்த 100 பவுண்டுக்கு நீங்கள் வாதாடலாம். 2006-ஆம் ஆண்டு என்.எச்.எஸ். சட்டத்திலேயே இருக்கிறது: பிழையாகவும் நடக்கவில்லை, கவனக்குறைவும் இல்லை என்று காட்டினால் பெனால்டி கட்ட வேண்டியதில்லை. காட்ட வேண்டியவர் அப்பாதான். "ஆங்கிலம் தெரியாது" என்று ஒரு வரியோடு நிறுத்தாதீர்கள். அன்று யார் கூட இருந்தது, யார் கட்டத்தில் டிக் போட்டது, அப்பா என்ன சொன்னார், அவருக்கு என்ன சொல்லப்பட்டது என்று நடந்ததை நடந்தபடி எழுதுங்கள். ரத்தாகும் என்று நான் வாக்குக் கொடுக்க மாட்டேன். எழுதாமல் விட்டால் கிடைக்காது என்பது நிச்சயம். மொத்தமாகக் கட்ட முடியாவிட்டால் தவணை கேளுங்கள்.

குழந்தை பிறந்து ஐந்து மாதம். மட்டர்னிட்டி சான்றிதழ் எடுக்கவில்லை. விசாரணைக் கடிதம் வந்திருக்கிறது. (க்ரொய்டன்)

பயப்படாதீர்கள் அம்மா. கர்ப்பகாலத்திலும், பிள்ளை பிறந்து 12 மாதத்துக்குள்ளும் தொடங்கிய சிகிச்சை இலவசம்தான். குழந்தையின் பிறப்புச் சான்றிதழ் பிரதியை அனுப்புங்கள். இது விசாரணைக் கடிதம் மட்டும். பதில் போடாமல் விட்டால்தான் பெனால்டியாக மாறும். பால் குடிக்கிற பிள்ளையை வைத்துக்கொண்டு தபாலைப் பிரிக்க நேரம் இராது, ஆனாலும் இந்தக் கிழமையே அனுப்பிவிடுங்கள்.

சென்னையிலிருந்து எம்.எஸ்சி. படிக்க வந்திருக்கிறேன், வயது 24. விசாவோடு ஹெல்த் சர்சார்ஜ் என்ற சுகாதாரக் கட்டணமும் கட்டியிருக்கிறேன். முழுநேர மாணவர்களுக்குப் பல் இலவசம் என்று நண்பர்கள் சொல்கிறார்கள்.

நண்பர்கள் பாதியைத்தான் சொல்லியிருக்கிறார்கள் தம்பி. முழுநேரப் படிப்பில் இருப்பவருக்கு 19 வயது ஆகும்வரைதான் இலவசம். சர்சார்ஜ் கட்டியவரும் இங்கிலாந்தில் பல்லுக்கும் மருந்துக்கும் தனியாகக் கட்ட வேண்டும். வருமானம் குறைவு, சேமிப்பு 16,000 பவுண்டுக்குள் என்றால் எச்.சி.1 படிவம் போடுங்கள். எச்.சி.2 சான்றிதழ் கிடைத்தால் முழுதும் இலவசம், எச்.சி.3 என்றால் ஒரு பகுதி குறையும். சான்றிதழ் கைக்கு வருமுன் இலவசம் என்று கையெழுத்து வைக்காதீர்கள்.

தைரொய்ட்டுக்காக மெடிக்கல் எக்ஸம்ப்ஷன் கார்ட் (மருத்துவக் கட்டண விலக்கு அட்டை) வைத்திருக்கிறேன். அது பல்லுக்கும் செல்லுமா?

செல்லாது. மருந்துக்கு மட்டும். நீரிழிவுக்காக அதே கார்ட் வைத்திருப்பவர்களுக்கும் இதே பதில்தான்.

அடைக்கலம் கேட்டு ஹோட்டலில் இருக்கிறோம். எங்களுக்கு எப்படி?

ஹோம் ஆஃபிஸ் (உள்துறை அமைச்சு) உதவியில் இருப்பவர்களுக்கு எச்.சி.2 சான்றிதழ் கொடுப்பார்கள். அதில் முடியும் தேதி அச்சாகியிருக்கும். பல் வைத்தியரிடம் போகுமுன் அந்தத் தேதியை ஒருமுறை பாருங்கள், சான்றிதழைக் கையில் கொண்டுபோங்கள்.

எனக்கு உரிமை இருக்கிறதா இல்லையா என்று தெரியவில்லை, பல் வலி தாங்க முடியவில்லை. வரவேற்பில் என்ன சொல்ல வேண்டும்? (வெம்ப்ளி)

"இன்று கட்டுகிறேன், ரசீது தாருங்கள்" என்று சொல்லுங்கள். உரிமை இருந்தது என்று பிறகு தெரிந்தால், கட்டிய நாளிலிருந்து மூன்று மாதத்துக்குள் எச்.சி.5 படிவத்தில் பல்லுக்கானதை நிரப்பி, ரசீதோடு அனுப்பினால் காசு திரும்ப வரும். வரவேற்பில் இருப்பவர் "பெனிஃபிட் எடுக்கிறீர்களா? அப்போ இலவசம், இங்கே சைன் பண்ணுங்கள்" என்று அவசரப்படுத்தலாம். அவசரம் அவருடையது, கையெழுத்து உங்களுடையது. கடிதமும் உங்கள் வீட்டுக்குத்தான் வரும். எந்தக் கட்டத்தில் டிக் போட்டிருக்கிறது என்று கேட்டு, பார்த்த பிறகே பேனாவை எடுங்கள். கையில் காசு இல்லாத நாளாக இருந்தால், போகுமுன் பிசினஸ் சர்வீசஸ் அத்தாரிட்டியின் தளத்தில் தகுதி பார்க்கும் பக்கத்தைப் போனிலேயே நிரப்பிப் பாருங்கள்.