எழுத்துக்குள் படம் போடத் தெரிந்தால் பிழைப்பு நடக்குமா?

அண்ணாச்சி, பிளஸ் டூ முடித்த உங்கள் மகன் வடசேரிப் பக்கம் ஒரு ஃபிளெக்ஸ் கடையே கதியென்று கிடக்கிறான், ஆறு மாத ‘டெக்ஸ்ட் எஃபெக்ட்ஸ்’ கோர்ஸுக்குப் பணம் கேட்கிறான், கட்டலாமா என்று கேட்டீர்கள். கட்ட வேண்டாம். அதற்காகப் பையனைத் திட்டவும் வேண்டாம்.

எழுத்துக்குள் படம் நிரப்பும் வேலையின் அடிப்படையை ஒரு மத்தியானத்தில் படித்துவிடலாம். ஃபோட்டோஷாப்பில் தடித்த எழுத்தில் ஒரு பெயரை அடித்து, அதற்கு மேல் லேயராக, அதாவது தனி அடுக்காக, கேந்திப் பூக் குவியலின் படத்தை வைத்து, ஆல்ட் பொத்தானை அழுத்திக்கொண்டு இரண்டு லேயருக்கும் நடுவிலுள்ள கோட்டில் கிளிக் செய்தால் போதும். பூ எழுத்துக்குள் மட்டும் தெரியும். இதுதான் கிளிப்பிங் மாஸ்க். கோரல் டிராவில் இதே காரியத்துக்கு பவர்கிளிப் இருக்கிறது. லேயர் மாஸ்க் கொஞ்சம் வேறு: கறுப்பு பூசிய இடம் மறையும், வெள்ளை தெரியும், சாம்பல் பாதி தெரியும். கல்யாண ஃபிளெக்ஸில் பெண்ணின் தலைக்குப் பின்னால் பெயர் போவதுபோல் காட்டுவது இந்தக் கறுப்புப் பூச்சுதான்.

காசு வருவது வேறு இடத்தில். ராத்திரி பத்து மணிக்குப் பெண் வீட்டார் போன் செய்து, ‘பேரில் இனிஷியல் தப்பு, மாற்றிக் கொடுங்கள்’ என்பார்கள். மாஸ்க் போட்டுச் செய்தவனுக்கு எழுத்து இன்னும் எழுத்தாகவே இருக்கும். திருத்தி அடித்தால் பூவும் நிழலும் தானாகப் புது எழுத்தில் வந்து உட்காரும். எழுத்தை ராஸ்டரைஸ் செய்து, அதாவது வெறும் படமாக மாற்றி, அழிப்பானால் தேய்த்தவன் முதலிலிருந்து தொடங்க வேண்டும். கடைக்காரர் யாரை வைத்துக்கொள்வார்?

இன்னொன்று தமிழ். பையனை ‘தோவாளை’ என்று யூனிகோடில் அடித்துக் காட்டச் சொல்லுங்கள். மென்பொருளில் இந்திய எழுத்துகளைச் சரியாகக் கோக்கும் வேர்ல்ட்-ரெடி லேஅவுட் அமைப்பு சரியாக இல்லாவிட்டால் தோவின் கொம்பு இடம் மாறும், ளையின் இணைக்கொம்பும் அப்படியே தனியாகப் போய் நிற்கும். பல கடைகளில் இன்னும் யூனிகோடு அல்லாத பழைய பாமினி எழுத்துருதான் ஓடுகிறது. வாட்ஸ்அப்பில் யூனிகோடில் வரும் பெயரை அப்படியே ஒட்டினால் வேலைக்காகாது. மாற்றி எடுக்கத் தெரிய வேண்டும். ரொம்பத் தடித்த எழுத்துருவில் ணகரத்தின் சுழிகள் அடைந்துபோகும், மெல்லியதில் படமே தெரியாது. இந்தக் கண் கோர்ஸில் வராது, கடையில் வரும். ஏஐ வரையும் படங்களிலும் தமிழ் எழுத்து அடிக்கடி குளறுபடியாவதால், இது தெரிந்தவனுக்கு இப்போதைக்கு வேலை இருக்கிறது. வெறும் மினுமினுப்பு மட்டும் தெரிந்தவனுக்கு அந்த உறுதியை நான் தரமாட்டேன்.

சரி, என்ன செய்யலாம்? பழகுவதற்குப் பணம் வேண்டாம். பிரவுசரிலேயே திறக்கும் ஃபோட்டோபியா இலவசம். மாஸ்க் எல்லாம் கிட்டத்தட்ட ஃபோட்டோஷாப் மாதிரியேதான். அப்புறம், கல்யாண சீசன் முடிந்ததும் கடையோடு நின்றுவிடாமல் ஒரு பட்டம் அவசியம். விஸ்காம் (விஷுவல் கம்யூனிகேஷன்) படிக்கலாம். வரைய வரும் என்றால், 1850-இல் தொடங்கிய சென்னை எழும்பூர் அரசு கவின்கலைக் கல்லூரியிலோ கும்பகோணத்திலோ நான்கு வருட பி.எஃப்.ஏ. என்ற கவின்கலைப் பட்டம் இருக்கிறது. இன்னும் மேலே பார்க்கிறான் என்றால் டிசைன் பட்டப்படிப்பில் சேர ஐஐடி பம்பாய் நடத்தும் யூசீட் நுழைவுத் தேர்வு. பிளஸ் டூவில் எந்தக் குரூப் எடுத்திருந்தாலும் எழுதலாம். வழக்கமாக அக்டோபரில் விண்ணப்பம், ஜனவரியில் தேர்வு. தொடர்ச்சியாக இரண்டு வருடம்தான் எழுத முடியும் என்பதால் சும்மா எழுதிப் பார்ப்போம் என்று ஒன்றை வீணாக்க வேண்டாம். ‘பூக்கடைக்காரன் மகனுக்கு ஐஐடியா’ என்று நீங்களே முந்திக்கொண்டு சொல்லிவிடாதீர்கள்.

அடுத்த வாரம் அவனைக் கூட்டிக்கொண்டு வாருங்கள். அச்சடித்த ஃபிளெக்ஸின் போட்டோ எனக்கு வேண்டாம். அவன் செய்த வேலைகளில் மூன்றை லேயர் பிரிந்த பி.எஸ்.டி. என்ற ஃபோட்டோஷாப் கோப்பாகவே பென்டிரைவில் கொண்டுவரட்டும். திறந்து, பெயரை மாற்றச் சொல்லிப் பார்க்கிறேன். அதற்கு முன்னால் அந்த கோர்ஸுக்கு அட்வான்ஸ் எதுவும் கொடுத்துவிடாதீர்கள்.