பரிசு பெறும் மாணவியை அழைப்பிதழில் எப்படிக் குறிப்பிடுவது?

காது கேளாத மாணவி ஒருவரைப் பள்ளி விழா அழைப்பிதழில் 'வாய் பேசாத மாணவி' என்று உங்கள் தலைமையாசிரியர் எழுதியிருப்பதாகச் சொல்லி, என்ன செய்யலாம் என்று கேட்டிருந்தீர்கள். முதலில் 'வாய் பேசாத' என்பதை எடுத்துவிடுங்கள். ஓவியப் போட்டியில் பரிசு வாங்கும் மாணவிக்குப் பெயரும் வகுப்பும் பரிசும் போதும். கட்டாயம் சொல்ல வேண்டும் என்றால் 'காது கேளாத மாணவி' என்று எழுதுங்கள்.

தலைமையாசிரியர் கெட்ட எண்ணத்தில் எழுதியிருக்க மாட்டார். காது கேளாமையும் பேசாமையும் ஒன்றுதான் என்று நாம் பழகிவிட்டோம். காது கேளாதவர்களில் பெரும்பாலோருக்குக் குரலில் எந்தக் குறையும் இல்லை. பேச்சைக் கேட்டு வளராததால்தான் வாய்ப்பேச்சு வருவதில்லை. அவர்கள் சைகை மொழியில் பேசுகிறார்கள். அதற்கென்று தனி இலக்கணமே இருக்கிறது. அப்படிப்பட்டவரைப் பேசாதவர் என்பது தகவலாகவே தவறு.

'மாற்றுத்திறனாளி' போட்டால் போதுமா என்றும் கேட்டிருந்தீர்கள். மரியாதையான சொல்தான், ஆனால் பொதுச்சொல். 2016ஆம் ஆண்டு மத்திய சட்டம் 21 வகைக் குறைபாடுகளைப் பட்டியலிடுகிறது. அந்தச் சொல்லைப் படிப்பவருக்கு மேடையில் சைகை மொழிபெயர்ப்பாளர் வேண்டுமா, சாய்தளம் வேண்டுமா என்று தெரியாது.

ஒன்று செய்து பாருங்கள். குறைபாட்டைச் சொல்லும் சொல்லை நீக்கிவிட்டு வாக்கியத்தைப் படியுங்கள். பொருள் குறையவில்லை என்றால் அது அங்கே தேவையில்லை. 'காது கேளாவிட்டாலும் சாதித்தார்' என்பதில் இருக்கும் அந்த 'விட்டாலும்' எனக்கு உண்மையிலேயே வலிக்கிறது. அவர் ஓவியத்துக்கும் காதுக்கும் என்ன தொடர்பு?

அப்புறம், அந்த மாணவியிடமே எழுதிக் காட்டிக் கேளுங்கள், பெற்றோரிடம் மட்டும் வேண்டாம். அவர் வேறு சொல்லை விரும்பினால் அதையே போடுங்கள். உதவித்தொகை விண்ணப்பம், சான்றிதழ் போன்றவற்றில் மட்டும் அரசு பயன்படுத்தும் சொல்லை மாற்றாதீர்கள்.