நாற்காலியை வைத்துக் காலத்தைப் பிரிக்காதீர்கள்

கேள்வி: வீடியோ கேம் நிறுவனமான நின்டெண்டோவின் பொற்காலம் யமவுச்சி தலைவராக இருந்த காலம்தான். பின்வந்த இவாட்டா அந்தப் பெயரில் காலம் தள்ளினார். இப்போதிருப்பவர்கள் சுவிட்ச் என்ற விளையாட்டுக் கருவி மூலம் நிறுவனத்தை மீட்டுவிட்டார்கள். என் கணிப்புச் சரிதானே?
வாசகர், கொக்குவில்

பதில்: சரியில்லை. நீங்கள் சொன்ன மூன்றில் ஒன்றுகூடத் தேறாது.

ஹிரோஷி யமவுச்சி 1949 முதல் 2002 வரை தலைவராக இருந்தார். கியோட்டோவில் சீட்டுக்கட்டு செய்து விற்ற நிறுவனத்தை உலகம் அறியவைத்தவர் அவர்தான். ஆனால் 53 ஆண்டுகளை ஒரே காலம் என்று எப்படி எழுதுகிறீர்கள்? 1983இல் தொலைக்காட்சியில் இணைத்து ஆடும் ஃபமிகொம் வந்தது அவர் காலத்தில். சோனியுடன் சேர்ந்து செய்யவிருந்த சீடி இயந்திரத்தை 1991இல் கைவிட்டு, சோனியின் சொந்தக் கருவியான பிளேஸ்டேஷன் பிறக்க வழிவிட்டதும் அவர் காலத்தில்தான்.

அந்தக் காலத்தில் நான் தலைவணங்குவது குன்பெய் யொகோய்க்கு. தொழிற்சாலையில் இயந்திரங்களைப் பராமரிக்கச் சேர்ந்தவர் அவர். பழசாகி மலிந்துபோன தொழில்நுட்பத்தை எவரும் நினையாத வேலைக்குத் திருப்ப வேண்டும் என்பது அவருடைய கொள்கை. 1989இல் வந்த கையடக்க விளையாட்டுக் கருவியான கேம்போய் அப்படிப் பிறந்ததுதான். போட்டியாளர்கள் ஆறு பற்றரி தின்னும் வண்ணத்திரையோடு வந்தபோது, இது வண்ணமும் ஒளியும் இல்லாத திரையோடு நான்கு பற்றரியில் நீண்ட நேரம் ஓடியது.

அதன் அருமை யாழ்ப்பாணத்தாருக்கு விளங்கும். போர்க்காலத்தில் எங்களுக்கு மின்சாரம் இல்லை, பற்றரியோ தடைசெய்யப்பட்ட பொருள். கொழும்பிலிருந்து மச்சான் ஒருவர் கொண்டுவந்த கேம்போய்க்கு எங்கள் வீட்டு முற்றத்தில் வரிசை நின்றது. தீர்ந்த பற்றரியை வெயிலில் காயவைத்து மறுபடி போடுவோம்; இன்னும் கொஞ்ச நேரம் கட்டைகளை அடுக்கும் ரெற்றிஸ் விளையாட்டு ஓடும். பொழுதுபட்டால் திரை தெரியாது. ஜாம் போத்தல் விளக்கருகே சரித்துப் பிடித்துப் பார்த்தோம். கட்டைகள் விழுவது நிழல்போலத் தெரிந்தது, அதையும் விடாமல் ஆடினோம். வண்ணத்திரைக் கருவி வந்திருந்தால் முதல் நாளே அலமாரிக்குப் போயிருக்கும்.

யமவுச்சியின் பிற்காலத்தில் அந்தக் கொள்கை மங்கியது. அதை மீண்டும் கையில் எடுத்தவர் சத்தோரு இவாட்டா. அவரே ஒரு நிரலாளர். 2006இல் வந்த வீ என்ற கருவியின் உள்ளே இருந்தது, அதற்கு முந்தைய கருவியான கேம்கியூபை விட அதிகம் முன்னேறாத தொழில்நுட்பம். ஆனால் கையில் பிடித்ததை மட்டைபோல வீசினால் போதும் என்றதும், விளையாட்டுக் கருவியைத் தொட்டே பார்க்காத பாட்டிமார் எழுந்து நின்று ஆடினார்கள். அது 10 கோடிக்கு மேல் விற்றது, அவர் காலத்துக் கையடக்கக் கருவியான டிஎஸ் 15 கோடிக்கு மேல். இதையா காலம் தள்ளியது என்கிறீர்கள்? வீக்கு அடுத்து வந்த வீ யூ 1.36 கோடியோடு நின்றது அவருடைய தோல்விதான், மறைக்கத் தேவையில்லை. ஆனால் 2014இல் அதற்காக அவர் தன் சம்பளத்தையே பாதியாக வெட்டினார்.

சுவிட்சுக்கு வருவோம். 2015 மார்ச்சில் என்எக்ஸ் என்ற பெயரில் அதை அறிவித்தவர் இவாட்டா. அந்த ஜூலையில் 55 வயதில் காலமானார். 2017 மார்ச்சில் அது கடைக்கு வந்தது. இன்றைய தலைவர் ஃபுருகாவா பதவியேற்றது 2018இல். யார் யாரை மீட்டார்கள்?

இன்றைய நிர்வாகத்தை அளக்க 2025இல் வந்த சுவிட்ச் 2 ஓடி முடியட்டும். ஒன்றை மட்டும் இப்போதே சொல்வேன். 2023 மார்ச்சில் டிஎஸ்ஸுக்கு அடுத்து வந்த 3டிஎஸ், வீ யூ இரண்டின் இணையக் கடைகளையும் மூடினார்கள். அங்கு மட்டுமே விற்ற விளையாட்டுகளை இன்று காசு கொடுத்தாலும் வாங்க முடியாது. கேம்போயில் செருகி ஆட எங்கள் முற்றத்தில் கைமாறிய அந்த ரெற்றிஸ் கார்ட்ரிஜை எவராலும் அப்படி மூட முடியவில்லை.